நகரத்தில் தெருத்தோட்டம்: ஓர் உழவரின் அனுபவப் பாடம்



நமக்கு அலங்காநல்லூர் பக்கம் மூணு ஏக்கர். நெல், உளுந்து, கடலை, கொஞ்சம் கீரை, காய். ஞாயித்துக்கிழமை விடியக்காலையில் வண்டியில் ஏத்திக்கிட்டு மதுரைக்குள்ள வருவேன். மகள் குடியிருக்கிற காலனியில் நிறுத்தினால் பத்து மணிக்குள்ள வித்துத் தீர்ந்துடும். கீரை மட்டும் எண்பது கட்டு போகும்.

அந்தக் காலனியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய ஆறு சென்ட் இடம் வெறுமனே கிடந்தது. சீமைக்கருவேலம், பிளாஸ்டிக் குப்பை, வீடு கட்டினவங்க கொட்டின இடிபாடு. ஒருநாள் அங்கே இருக்கிற டீச்சரம்மா கேட்டாங்க: "ஐயா, இந்த இடத்துல எல்லாரும் சேர்ந்து கீரை, காய் போடலாம்னு இருக்கோம். நீங்க கூட நின்னு சொல்லிக் கொடுப்பீங்களா?"

சரின்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏங்க, அவங்களே கீரை போட்டுட்டா நம்ம கட்டை யாருங்க வாங்குவா?"

இந்தக் கேள்வி நம்ம வாசகர்கள் பலருக்கும் வரும். நகரத்துக்காரர்கள் மாடியிலும் தெருவிலும் தோட்டம் போடுவதை நாம் வாழ்த்துகிறோம். ஆனால் அதனால் நம்ம வயிற்றில் அடி விழுமா? அதற்கான பதிலை நான் மூணு வருச அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். முதலில் தோட்டம் போட்ட கதையைச் சொல்கிறேன். அதில் நான் செய்த தப்பும் இருக்கு.

முதல் வருசம் கெட்ட கதை

ஆடிப்பட்டத்துக்கு முள்ளை வெட்டி, குப்பையைப் பொறுக்கி, மேல் மண்ணைக் கொத்திவிட்டோம். நான் ரெண்டு வண்டி தொழு உரம் கொண்டுவந்து போட்டேன். சிறுகீரை, தண்டுக்கீரை, வெண்டை விதைத்தோம். முளைப்பு நல்லாத்தான் இருந்தது. இருபது நாளில் கொழுந்து இலை எல்லாம் மஞ்சள் அடிச்சுப் போச்சு.

தழைச்சத்து பத்தலைன்னு நினைத்தேன். மேலும் எரு போட்டேன், பஞ்சகவ்யா தெளித்தேன். ஒண்ணும் நடக்கலை. "என்னங்கய்யா, செடியெல்லாம் சோகை புடிச்ச மாதிரி நிக்குது?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். முப்பத்தைந்து வருசமா விவசாயம் பண்றவன், பதில் சொல்ல முடியாமல் நின்றேன்.

கவனித்துப் பார்த்திருந்தால் செடியே சொல்லியிருக்கும். தழைச்சத்து குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலை. இங்கே மஞ்சளானது கொழுந்து, அதுவும் நரம்பு மட்டும் பச்சையாக. இது இரும்புச்சத்து கிடைக்காததன் அடையாளம். மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு கூடிப்போனால் வேர் அதை எடுக்க முடியாது. ஒரு அடி தோண்டிப் பார்த்தேன். சிமென்ட் பூச்சு, காரை, செங்கல் துண்டு. மண் பரிசோதனைக்குக் கொடுத்தோம், கார அமில நிலை 8.6 வந்தது. நம்ம வயலில் நான் இப்படி ஒருநாளும் தோண்டாமல் விதைக்க மாட்டேன். நகரம்தானேன்னு மேலோட்டமா விட்டதுதான் தப்பு.

பாடம் 1: நகரத்து மண்ணை நம்பாதே, தோண்டிப் பார்

காலி மனையில் கை வைக்கும் முன் மூணு இடத்தில் ஒரு அடி ஆழம் தோண்டுங்க. ஒரு கைப்பிடி மண்ணில் எலுமிச்சைச் சாறோ காடியோ விடுங்க. நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு அதிகம். பழைய கட்டடம் இடித்த இடமாக இருந்தால் இன்னொரு ஆபத்து, பழைய பெயின்டில் இருக்கும் ஈயம். வழக்கமான மண் பரிசோதனையில் அதைப் பார்ப்பதில்லை. கீரை அதை உறிஞ்சும், மண் தூசியாக இலையிலும் ஒட்டும். சந்தேகம் இருந்தால் அந்த மண்ணில் கீரை போடவே வேண்டாம். மேலே பாத்தி கட்டிப் புது மண் நிரப்புங்க.

நாங்கள் அதைத்தான் செய்தோம். பழைய செங்கல்லை ஒரு அடி உயரம் அடுக்கி, நாலடி அகலம், பத்தடி நீளத்தில் பன்னிரண்டு மேட்டுப் பாத்திகள். நாலடிக்கு மேல் அகலம் கூடாது. ரெண்டு பக்கமும் நின்றால் கை எட்டணும், பாத்திக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. இடையில் ஒன்றரை அடி நடைபாதை. ஒரு பாத்திக்கு 40 கன அடி, பன்னிரண்டுக்கு 480 கன அடி, அதாவது கிட்டத்தட்ட ஐந்து யூனிட். செம்மண் ரெண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, மக்கிய தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. அடியில் தளம் போடவில்லை, தண்ணீர் வடியணும்.

கியூபாக்காரர்கள் செய்தது

இந்த யோசனை என் சொந்த யோசனை இல்லை. கியூபாவைப் பற்றி நம்ம கூட்டங்களில் பேசக் கேட்டிருப்பீங்க. 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதறியதும் அந்த நாட்டுக்கு வந்துகொண்டிருந்த எண்ணெய், ரசாயன உரம், பூச்சிமருந்து, உணவு எல்லாம் சட்டென்று குறைந்துபோனது. வயலில் டிராக்டர் ஓட்டவும், விளைந்ததை நகரத்துக்கு ஏற்றிவரவும் எண்ணெய் இல்லை. ஜனங்கள் மெலிந்தார்கள். அப்போது தலைநகர் ஹவானாவில் வீட்டுப் பக்கத்துக் காலி இடங்களில் மக்கள் காய்கறி போட ஆரம்பித்தார்கள். அரசும் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை கொடுத்தது.

நகரத்து மண் அங்கேயும் மோசம்தான். அதனால் கல், சிமென்ட் பலகை வைத்து மேட்டுப் பாத்தி கட்டி மக்கு உரமும் மண்ணும் நிரப்பினார்கள். அதற்கு 'ஆர்கனோபோனிகோ' என்று பேர். ஹவானாவின் கிழக்கே அலமார் என்ற குடியிருப்பில் 1997-இல் தொடங்கிய கூட்டுறவுத் தோட்டம் இருபத்தைந்து ஏக்கருக்கு மேல் வளர்ந்தது. தோட்டத்து வாசலிலேயே கடை, வாங்குவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள். பூச்சிக்கு நம்ம வேம்பை அவர்களும் நட்டுப் பயன்படுத்துகிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒண்ணு. நகரத் தோட்டம் அவர்களுக்குக் கீரையும் காய்கறியும் கொடுத்தது. அரிசிக்கும் கோதுமைக்கும் அந்த நாடு இன்னும் பெரிதாக இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. நகரத்துப் பாத்தி கீரை தரும். சோறு வயலில் இருந்துதான் வரணும். என் வீட்டம்மா கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே கிடைத்தது.

பாடம் 2: எல்லாருடைய வேலையும் யாருடைய வேலையும் இல்லை

முதல் வருசத்தில் "எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்" என்றுதான் ஆரம்பித்தோம். டீச்சரம்மாவும் மில்லில் ஓய்வு பெற்ற ஒரு அண்ணனும் மட்டும் தண்ணி ஊத்தினாங்க. அறுக்கிற அன்னைக்கு எல்லாரும் பையோட வந்தாங்க. அதில் மனக்கசப்பு.

ரெண்டாம் வருசம் இப்படிப் பிரித்தோம். பதினாறு குடும்பம், நாலு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் ரெண்டு கீரைப் பாத்தி, ஒரு காய்ப் பாத்தி. முதல் குழு முதல் வாரம் விதைக்கும், ரெண்டாம் குழு அடுத்த வாரம், இப்படியே நாலு வாரம். சிறுகீரையும் முளைக்கீரையும் நாலு வாரத்துக்குள் அறுவடைக்கு வந்துடும். ஆக, வாராவாரம் ஒரு குழுவின் ரெண்டு பாத்தி அறுப்புக்கு நிற்கும்.

ஒரு பாத்திக்கு சுமாராக நாலு கிலோ. கால் கிலோ கட்டாகக் கட்டினால் பதினாறு கட்டு, ரெண்டு பாத்திக்கு முப்பத்திரண்டு. வீட்டுக்கு வாரம் ரெண்டு கட்டு. ஒரு குழு அசட்டையாக இருந்தால் அந்த வாரம் பதினாறு வீட்டிலும் கீரை இல்லை. அதனால் யாரும் அசட்டையாக இருப்பதில்லை.

கீரை விதையை மணலோடு கலந்து தூவுங்க, இல்லாட்டி ஒரே இடத்தில் கொட்டிப்போகும். ஒரே பாத்தியில் தொடர்ந்து தண்டுக்கீரை வகையே போடாமல் நடுவில் வெந்தயக்கீரை, கொத்தவரை என்று மாற்றுங்க. வேலி ஓரத்தில் பந்தல் போட்டுப் புடல், பீர்க்கு, அவரை ஏற்றினால் பாத்தி இடம் மிச்சம். பூச்சிக்கு அரை கிலோ வேப்பங்கொட்டையை இடித்து, துணியில் கட்டி, பத்து லிட்டர் தண்ணியில் ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப் கரைத்து மாலையில் தெளிக்கலாம். கீரையில் தெளித்தால் ஒரு வாரம் கழித்து அறுங்க, கசப்பு இருக்கும்.

பாடம் 3: குப்பையும் தண்ணியும் தெருவிலேயே இருக்கு

வீட்டுக்கு அரை கிலோ சமையல் கழிவு என்றாலும் பதினாறு வீட்டுக்குத் தினம் எட்டு கிலோ. தெருவில் வேப்பமரம், புங்கமரம் கொட்டுகிற சருகை முன்பெல்லாம் கூட்டிக் கொளுத்துவார்கள். இப்போது ஒரு பைசா செலவில்லாமல் ரெண்டையும் சேர்த்து மக்க வைக்கிறோம். இடைவெளி விட்டுச் செங்கல் அடுக்கிய ரெண்டு தொட்டி. ஒரு வாளி கழிவுக்கு ரெண்டு வாளி சருகு, மேலே கொஞ்சம் பழைய மக்கு. நாற்றம் அடித்தால் ஈரம் கூடிப்போச்சு, சருகு போடணும். ஒன்று நிரம்பி மக்கும்போது அடுத்ததை நிரப்பணும். குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்கணும் என்று விதி சொல்கிறது. இங்கே பாத்திக்கு எரு வேணும் என்றதும் தானாகப் பிரிக்கிறார்கள்.

தண்ணிக்கு, பாத்திக்கு ரெண்டு பூவாளி, இருபது லிட்டர். பன்னிரண்டு பாத்திக்கு 240 லிட்டர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் வரும், கிட்டத்தட்ட நாலு நாள் பாசனம். பக்கத்து ரெண்டு வீட்டு மாடிக் குழாயைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டோம். துணி துவைத்த தண்ணியைக் கீரைக்கு விடாதீங்க. அதை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்புங்க. குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் கழிக்கிற தண்ணியில் உப்பு கூடுதல், அதுவும் பாத்திக்கு ஆகாது.

பாடம் 4: எழுத்தில் வாங்கு

தோட்டம் பச்சையானதும் ஒரு புதுக் கூட்டம் கிளம்பியது. "இத்தனை நாள் சும்மா கிடந்த இடம், கார் நிறுத்த விடலாமே" என்றார்கள். எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டு அனுமதிகூட இல்லை. ஒரு மாசம் தூக்கம் இல்லை. மனைப்பிரிவு வரைபடத்தின் நகலை எடுத்துப் பார்த்தால் அதில் பூங்கா என்றே குறித்திருந்தது. அதை வைத்துக் குடியிருப்போர் சங்கம் முறைப்படி மனுக் கொடுத்து, இடம் பூங்காவாகவே இருக்கும், பராமரிப்பு சங்கத்தோடது என்று எழுத்தில் வாங்கினோம். பதிலுக்கு நாங்கள் ஒப்புக்கொண்டது: வாசலைப் பூட்ட மாட்டோம், விளைச்சலை விற்க மாட்டோம், குழந்தைகள் விளையாட ஒரு சென்ட் விடுவோம். விதைக்கும் முன்பே இதைச் செய்திருந்தால் அந்த ஒரு மாசம் மிச்சம்.

வீட்டம்மா கேள்விக்குக் கணக்கு

ஒளிக்காமல் சொல்கிறேன். ரெண்டாம் வருசம் ஞாயித்துக்கிழமைக் கீரை விற்பனை எண்பதில் இருந்து நாற்பத்தைந்துக்கு வந்தது. விற்காத கட்டை மாட்டுக்குப் போட்ட நாள் உண்டு. அது இன்னமும் எண்பதுக்குத் திரும்பவில்லை.

ஆனால் வேறு ஒண்ணு நடந்தது. ஒரு கட்டுக் கீரைக்கு இருபத்தெட்டு நாள் காத்திருந்து, குனிந்து களை எடுத்து, புழு பார்த்தவங்க என் வண்டியில் பேரம் பேசுவதை விட்டுட்டாங்க. இலையில் ஓட்டை இருந்தால் முகம் சுளிப்பதில்லை. "அரிசி எப்படிப் போடுறீங்க? எண்ணெய் எங்க ஆட்டுறீங்க?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஒரு மார்கழியில் நாலு குடும்பம் நம்ம வயலுக்கே வந்துபோனது.

மூணாம் வருசம் ஆடியில் பதினொரு வீடு தூயமல்லி அரிசி, கடலை எண்ணெய், உளுந்துக்கு முன்பணம் கொடுத்தது. விலையை விதைக்கும் முன்பே உட்கார்ந்து பேசி முடித்தோம். அந்த வருசம் உழவுக்கும் நடவுக்கும் நான் வட்டிக்கு வாங்கவில்லை. நாற்றும் மண்புழு உரமும் அந்தத் தோட்டத்துக்கு நாங்கள்தான் கொடுக்கிறோம், விலைக்குத்தான்.

எனக்கு நெல்லும் கடலையும் இருந்ததால் தாங்கினேன். பத்து சென்ட்டில் கீரை மட்டுமே போட்டு விற்கிற ஒரு அக்காவுக்கு இந்த முப்பத்தைந்து கட்டு பெரிய அடி. அதனால் காலனிக் கூட்டத்தில் ஒரு முறை வைத்தோம். சித்திரை, வைகாசியில் தண்ணி தட்டுப்பாடு, பாத்திகளுக்கு ஓய்வு. அப்போது பலதானியம் விதைத்து மடக்கி விடுவோம். அந்த ரெண்டு மாசமும் கீரை முழுக்க அந்த அக்காவிடமும் நம்மிடமும் வாங்குவது. தோட்டத்தில் வராத பொன்னாங்கண்ணி, முருங்கை, அகத்தி எல்லாம் வருசம் முழுக்க அவரிடம். நகரத்தில் தோட்டம் போட உதவப் போகிறவர்கள் இந்தப் பேச்சை முதல் நாளே பேசிவிடுங்கள். அப்புறம் பேசினால் சங்கடம்.

விளைவிக்கிறவரும் சாப்பிடுகிறவரும் நேருக்கு நேர் பார்க்கணும் என்றுதான் 1999 நவம்பர் 14 அன்று முதல் உழவர் சந்தை நம்ம மதுரையில் தொடங்கியது. அங்கே தராசுக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். தெருத்தோட்டத்தில் ரெண்டு பேரும் ஒரே பாத்தியில் குனிந்து நிற்கிறோம்.

உங்கள் வண்டி போகிற தெருவிலும் இப்படி ஒரு காலி இடம் இருக்கும். வரும் ஆடிக்கு இன்னும் நாள் இருக்கு. முதலில் வரைபடத்தைப் பாருங்க, அடுத்து ஒரு அடி தோண்டுங்க. எங்கள் காலனியில் போன மாசம் இரண்டு தெரு தள்ளி இன்னொரு இடம் பார்த்திருக்காங்க. இந்தத் தடவை எலுமிச்சம்பழத்தோடு போனேன்.