பெட்டிக்குள் ஒரு தாய்க்கோழி

திருவிழாக் கடைத்தெருவிலோ பேருந்து நிலைய வாசலிலோ அட்டைப்பெட்டி நிறையக் கத்திக்கொண்டிருக்கும் கலர் கோழிக்குஞ்சுகளைப் பார்த்து அடம்பிடிக்காத குழந்தை குறைவு. பச்சை, ரோஸ், ஊதா என்று சாயத்தில் முக்கியெடுத்த குஞ்சுகள். சில ஊர்களில் பழைய பிளாஸ்டிக் குடத்துக்கும் துருப்பிடித்த இரும்புக்கும் மாற்றாகவே தெருவில் கொடுத்துவிட்டுப் போவார்கள். முட்டைக்கோழிப் பண்ணைக்குப் பெட்டைகள் மட்டும்தான் வேண்டும். பொரிப்பகத்தில் முதல் நாளே பிரித்து ஒதுக்கப்படும் சேவல் குஞ்சுகள்தாம் பெரும்பாலும் இப்படித் தெருவுக்கு வருகின்றன. வீட்டுக்கு வந்த இரண்டு மூன்று நாளில் குஞ்சு கண்ணை மூடிவிடும். 'சாயம் ஒத்துக்கொள்ளவில்லை' என்று தீர்ப்புச் சொல்லிக் குழி தோண்டுவார்கள். சாயத்தைவிடப் பெரிய எதிரி, அந்த வீட்டுத் திண்ணையில் இரவெல்லாம் அடித்த குளிர்காற்று.

முட்டையை விட்டு வந்த குஞ்சின் உடம்பில் இருப்பது வெறும் தூவி. தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்கு முடியாது. முழுதாக இறகு மூட ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை தாய்க்கோழி சிறகுக்குள் அணைத்துச் சூடு கொடுக்கும். எது தீனி என்று கொத்திக் காட்டும். பருந்தின் நிழல் விழுந்தால் குரல் கொடுத்து எச்சரிக்கும். வீட்டில் குஞ்சு வளர்க்கிறவர் இந்த மூன்று வேலைகளையும் ஒரு பெட்டி, ஒரு பல்பு, கொஞ்சம் கவனம் ஆகியவற்றைக் கொண்டு செய்தாக வேண்டும். எங்கள் வீட்டில் குஞ்சு வளர்த்தபோது கைகொடுத்த குறிப்புகள் எல்லாமே தாய்க்கோழியிடமிருந்து கற்றவைதாம்.

அடைக்கோழி இருக்கிற வீட்டில் பாதி வேலை மிச்சம். அடை கேட்கிற கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டிலேயே படுத்திருக்கும். கிட்டே போனால் சீறும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை அளவு. ஒரு வாரத்துக்குள் இட்ட, விரிசல் இல்லாத முட்டைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கழுவக் கூடாது, கழுவினால் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் பூச்சு போய்க் கிருமி உள்ளே புகும். அடைக்கூடையின் ஓரத்தில் இரும்புத் துண்டு, கரி, காய்ந்த மிளகாய் வைப்பது கிராமத்து வழக்கம். இடி இடித்தால் கூழ்முட்டையாகிவிடும் என்ற பயம்தான் காரணம். இரும்பு இடியைத் தடுக்கிறதோ இல்லையோ, ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டுச் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பார்ப்பது நிச்சயம் பயன் தரும். கரு வளர்ந்திருந்தால் சின்னச் சிலந்தியைப் போல் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து கிளைவிடும் சிவப்பு நரம்புகளும் தெரியும். வெறும் மஞ்சள் வெளிச்சம் மட்டும் தெரிந்தால் அது கரு கூடாத முட்டை, எடுத்துவிடலாம். மற்றவை 21 நாளில் பொரிந்துவிடும்.

கோழி இல்லாதவர்களுக்கு தெர்மாகோல் பெட்டி இருக்கிறது. அதில் ஒரு குண்டு பல்பு, சூட்டைக் கட்டுப்படுத்தும் சிறு தெர்மோஸ்டாட், பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய விசிறி, ஒரு கிண்ணம் தண்ணீர். பொரிப்பான் தயார். உள்ளே 37.5 டிகிரி செல்சியஸ் மாறாமல் இருக்க வேண்டும். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறியும் மறுபக்கம் வட்டமும் போட்டுக்கொண்டால், எதைத் திருப்பினோம் எதைத் திருப்பவில்லை என்ற குழப்பம் வராது. ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது திருப்ப வேண்டும். 18-ஆம் நாளோடு நிறுத்திவிட வேண்டும். கடைசி மூன்று நாள் ஈரப்பதம் கூடுதலாகத் தேவை. கிண்ணத்தின் பக்கத்தில் ஈரத்துணி ஒன்றைப் போட்டுவைக்கலாம். ஓட்டில் முதல் விரிசல் விழுந்ததும் வீடே பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிடும். அப்போது மூடியைத் திறக்கவே கூடாது. திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறி, முட்டையின் உட்தோல் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். விரிசலுக்கும் குஞ்சு வெளியே வருவதற்கும் நடுவில் அரை நாளுக்கு மேலும் ஆகலாம். ஓட்டை உரித்து உதவுகிறேன் என்று போனால் இரத்தக்குழாய் அறுந்துபோகும்.

பொரித்த குஞ்சுக்கு உடனே தீனி வைக்கவில்லையே என்று பதற வேண்டாம். பொரிப்பதற்குச் சற்று முன்புதான் மிச்சமிருந்த மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டு நாள் அதிலேயே ஓடும். ஒருநாள் குஞ்சுகளைத் துளை போட்ட பெட்டியில் அடைத்துப் பேருந்திலும் ரயிலிலும் வெளியூருக்கு அனுப்ப முடிவது இதனால்தான்.

அடுத்தது சூடு. முதல் வாரம் குஞ்சு நிற்கும் உயரத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். இது புத்தகக் கணக்கு. சித்திரை வெயிலில் மதுரையிலோ வேலூரிலோ பகலில் பல்பே வேண்டியதில்லை. இரவுக்குப் போட்டால் போதும். மார்கழிப் பனியில் கதை வேறு. பதினைந்து இருபது குஞ்சுக்கு ஒரு 40 வாட் குண்டு பல்பு சரியாக இருக்கும். எல்இடி பல்பு வெளிச்சம் தருமே தவிரச் சூடு தராது. பல்பை மின்வயரில் தொங்கவிடாமல் கம்பியில் இறுக்கிக் கட்ட வேண்டும். அட்டையும் உமியும் இருக்கிற இடத்தில் பல்பு அறுந்து விழுந்தால் தீப்பிடிக்கும்.

சதுரப் பெட்டியைவிட வட்டத் தடுப்பு நல்லது. ஒன்றரை அடி உயர அட்டையையோ தகரத்தையோ வளைத்துக் கட்டிவிட்டால் போதும். மூலை இருந்தால் குளிரிலும் பயத்திலும் குஞ்சுகள் அங்கே போய் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் சாகும்.

தெர்மாமீட்டர் இல்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. குஞ்சுகளைப் பார்த்தாலே தெரியும். எல்லாம் பல்புக்கு அடியில் நெருக்கியடித்துக் கீச்கீச்சென்று கத்தினால் சூடு போதவில்லை. வட்டத்தின் ஓரத்துக்கு ஒதுங்கி, வாயைப் பிளந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பல்பை ஒரு சாண் மேலே ஏற்ற வேண்டும். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்தில் எங்கிருந்தோ காற்று புகுகிறது என்று பொருள். பரவலாகப் படுத்து, அவ்வப்போது எழுந்து கொத்திவிட்டு மறுபடி படுத்தால் எல்லாம் சரி. கரண்ட் போகிற இரவுகளில் எங்களுக்குக் கைகொடுத்தது வெந்நீர் பாட்டில்தான். துணியைச் சுற்றி நடுவில் வைத்தால் குஞ்சுகள் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு தூங்கும். மூடிய அறைக்குள் கரித்தணல் சட்டி வைக்கக் கூடாது. அதன் புகையற்ற வாயு குஞ்சையும் கொல்லும், மனிதரையும் கொல்லும்.

தீனிக்கு முன்னால் தண்ணீர். கொதித்து ஆறிய நீரில் கொஞ்சம் வெல்லம் கரைத்து, ஒவ்வொரு குஞ்சின் அலகையும் மெதுவாக ஒரு முறை தொட்டு நனைத்தால் குடிக்கக் கற்றுக்கொள்ளும். தட்டில் கூழாங்கற்களைப் போட்டுவைத்தால் உள்ளே விழுந்து நனையாது. பிளாஸ்டிக் பாட்டிலில், தட்டின் விளிம்பைவிடக் கீழான உயரத்தில் ஒரு துளை போட்டு, நீர் நிரப்பித் தட்டில் கவிழ்த்தால் தானியங்கித் தண்ணீர்த் தொட்டி. குடிக்கக் குடிக்க நீர் இறங்கும், வழியாது.

உமி அல்லது தென்னை நார்க்கழிவை இரண்டு அங்குலம் பரப்பி, அதன் மேல் செய்தித்தாள் விரித்து, முதல் ஓரிரு நாள் தீனியைத் தாளிலேயே தூவலாம். வழுவழுப்பான தாளில் அதற்கு மேல் விட்டுவைத்தால் கால் விரிந்து நொண்டியாகும். தீனியைத் தூவிவிட்டு ஆள்காட்டி விரலால் தாளில் 'டொக் டொக்' என்று தட்டிப் பாருங்கள். தாய் கொத்துகிற ஓசை என்று நினைத்து, தூங்கிக்கொண்டிருந்தவைகூட எழுந்து விரலடிக்கு ஓடிவந்து கொத்தத் தொடங்கும். முதல் வாரங்களுக்குக் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனமே பாதுகாப்பு. குஞ்சுக்குத் தேவையான புரதம் அதில் அளவாக இருக்கும். முட்டைக்கோழித் தீவனம் மிச்சம் இருக்கிறதே என்று கொடுத்தால், அதிலுள்ள அதிகச் சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கு விஷம்.

பாட்டிமார் காலத்துத் தீனி ஒன்று உண்டு. கரையான். வாயகன்ற பழைய மண்பானையில் கிழிந்த கோணி, காய்ந்த சாணம், மக்கிய ஓலை போட்டுத் தண்ணீர் தெளித்து, செம்மண் தரையில் மாலையில் கவிழ்த்து வைப்பார்கள். விடிந்ததும் பானைக்குள் கரையான் மொய்த்திருக்கும். உதறினால் குஞ்சுகளுக்கு விருந்து. வீட்டு நிலைக்கதவுக்கு எட்டத்தில் வைப்பது புத்திசாலித்தனம். மாடியில் வளர்ப்பவர்கள் நிழலான மூலையில் தார்ப்பாய்த் தொட்டி கட்டி, சாணக்கரைசல் விட்டு அசோலா வளர்க்கலாம். உலர்ந்த அசோலாவில் 20 முதல் 25 சதவீதம் புரதம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தரும் நீலப்பச்சைப் பாசி அதன் இலைக்குள்ளேயே குடியிருப்பதால், தனியாக யூரியா வேண்டாம். குஞ்சு ஒரு மாதம் தாண்டியதும் தீவனத்தோடு கொஞ்சம் கலந்து கொடுத்துப் பழக்கலாம்.

கோழி வளர்ப்பில் கூட்டத்தையே காலி செய்வது வெள்ளைக் கழிச்சல். புத்தகங்களில் அதன் பெயர் ராணிக்கெட் நோய். இன்றைய உத்தராகண்டில் உள்ள ஊரின் பெயர் அது. வந்த பிறகு மருந்து கிடையாது. குஞ்சு பொரிந்த ஐந்து முதல் ஏழு நாளுக்குள் லசோட்டா தடுப்புச் சொட்டு மருந்து, கண்ணிலும் மூக்கிலும் ஒவ்வொரு சொட்டு. நான்காவது வாரம் மறுபடி ஒரு முறை. எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. மருந்துப் புட்டி நூறு கோழி, இருநூறு கோழிக் கணக்கில்தான் வரும். கலந்தால் ஐஸில் வைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பத்துக் குஞ்சு வைத்திருப்பவர் அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போவது சிக்கனம். கால்நடை பராமரிப்புத் துறை வழக்கமாகப் பிப்ரவரியில் நடத்தும் முகாமில் இந்த ஊசி இலவசம். சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்துக் கொடுப்பதை விட வேண்டாம். ஆனால் அது தடுப்பூசிக்கு மாற்று ஆகாது. மலத்தில் இரத்தம் தெரிந்தால் ஈரமான தரையில் பெருகும் ஒட்டுண்ணியின் வேலை. உமியைத் தினமும் கிளறி, ஈரமானதை அள்ளிவிட்டாலே பாதி தடுத்துவிடலாம். அள்ளியதை நேராகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும். இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டால் மாடித்தோட்டத்துக் கத்தரிக்கு நல்ல உரம்.

குஞ்சைத் தொட்ட பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். முத்தம் கொடுக்க விடக் கூடாது. சால்மோனெல்லா கிருமி ஆரோக்கியமான குஞ்சிடமும் இருக்கும். பிள்ளைகளுக்கு வேறொரு வேலை கொடுக்கலாம்: எந்தக் குஞ்சு எதைக் கொத்துகிறது என்று நோட்டில் குறிப்பது. நார்வேயில் தோர்லைஃப் ஷெல்டெரூப்-எபே என்ற சிறுவன் இப்படித்தான் வீட்டுக் கோழிகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கோழிக்கும் கூட்டத்தில் ஒரு படிநிலை உண்டு, மேலே இருப்பது கீழே இருப்பதைக் கொத்தும் என்பதை வளர்ந்த பிறகு 1920களின் தொடக்கத்தில் அவர் ஆய்வாக வெளியிட்டார். இன்று விலங்கியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கும் 'கொத்து வரிசை' அதுதான்.

முதல் முறை வளர்க்கிறவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தவிர்த்துவிட்டுத் தை மாதத்தில் தொடங்கலாம். அக்னி நட்சத்திரம் வருவதற்குள் குஞ்சுக்கு இறகு மூடி, மூன்று தடுப்பு மருந்தும் கொடுத்து முடிந்திருக்கும். ஆறாவது வாரத்திலிருந்து பகலில் வெளியே மேயவிட்டு, மாலையில் பஞ்சாரத்தைக் கவிழ்த்து மூடலாம். பூனைக்கும் கீரிக்கும் அது போதுமான தடுப்பு. பெட்டை எது, சேவல் எது என்பது கொண்டை சிவக்கிற இரண்டாம் மாதத்தில் தெரியத் தொடங்கும். பாதிக்குப் பாதி சேவலாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டும். நெருக்கமான குடியிருப்பில் விடிகாலை மூன்று மணிக்குச் சேவல் கூவுவதை எல்லா அண்டை வீட்டாரும் ரசிக்க மாட்டார்கள். ஆகவே ஒரு சேவலை வைத்துக்கொண்டு மற்றவற்றை யாருக்குக் கொடுப்பது என்பதைக் குஞ்சு வாங்குகிற அன்றே பேசி வைத்துக்கொள்வது நல்லது.