கணக்கில் ஏறாத நஷ்டம்

தறிக்கூடத்தில் பாதுகாப்புச் சாதனம் அமைக்குமாறு ஓர் உரிமையாளரிடம் சொல்லிப் பாருங்கள். “இத்தனை வருஷமாக ஒன்றும் நேரவில்லையே, வீண் செலவு எதற்கு?” என்பார். அவர் கல்நெஞ்சர் அல்லர். செலவு அவர் கண்ணுக்குத் தெரிகிறது, ஆதாயம் தெரியவில்லை. ஆகவே, அவருக்கு உபதேசம் செய்வதினும் அவருடன் அமர்ந்து கணக்குப் பார்ப்பதே தக்க வழியாகும். அதனை எவ்வாறு செய்வது என்பதை இம்மாதப் பாடமாகக் கொள்வோம்.

ஒரு விசைத்தறியை எண்ணிப் பார்ப்போம். ஓடும் தறியிலிருந்து நாடா தெறித்து, பக்கத்துத் தறிக்காரரின் கண்ணைத் தாக்குகிறது. மருத்துவச் செலவும் நஷ்டஈடும் புத்தகத்தில் ஏறும். ஏறாதவை எவை? எல்லோரும் ஓடிவர, கூடம் முழுவதும் தறிகள் நிற்கின்றன. அறுந்த பாவு இழைகளைப் பிணைக்க நேரம் செல்கிறது. பதிலுக்கு வந்தவருக்குக் கை பழகும்வரை நெசவில் குறை விழுகிறது. சரக்குத் தவணை தவறவே, வியாபாரி விலையைக் குறைக்கிறார். தேர்ந்த தொழிலாளர் வேறு கூடம் நாடுகின்றனர்.

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹைன்ரிச் என்பார் 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை எடுத்துக்காட்டினார். நேரடிச் செலவு ஒரு பங்கானால், மறைமுகச் செலவு நான்கு பங்கு என்பது அவர் கணிப்பு. 1993இல் வெளியான பிரிட்டன் அரசின் ஆய்வு ஒன்றில், காப்பீட்டுக்குச் செலுத்திய ஒவ்வொரு பவுனுக்கும் காப்பீடு ஈடுசெய்யாத நஷ்டம் 8 முதல் 36 பவுன் வரை இருந்தது. விகிதம் இடத்துக்கு இடம் மாறும் என்பது இதனால் விளங்கும். எனவே, பிறர் கண்ட எண்ணை உரிமையாளர்முன் வைத்துப் பயனில்லை. “அது அந்த நாட்டுக் கதை” என்று தள்ளிவிடுவார். அவருடைய கணக்கையே அவருக்குக் காட்டவேண்டும்.

முதலாவதாக, சென்ற ஆறு மாதங்களில் எத்தனை முறை நாடா தெறித்தது என்று கேளுங்கள். எவர்மீதும் படாமல் சுவரில் மோதியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, ஒவ்வொரு முறையும் தறி நின்ற நேரம், கெட்ட துணி, வீணான கூலி ஆகியவற்றை எழுதுங்கள்.

மூன்றாவதாக, நாடாவைத் தடுக்கும் கம்பியின் விலையை அருகில் எழுதுங்கள்.

நான்காவதாக, எல்லாத் தறிகளுக்கும் ஒரே நாளில் கேளாமல், ஒரு வரிசையில் மட்டும் மூன்று மாதம் நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். தொழிலாளரின் யோசனையையும் அவர் கேட்கட்டும். தறியின் குணம் அதை ஓட்டுபவருக்கே நன்கு தெரியும்.

இங்கே ஓர் உண்மை புலப்படும். தேய்ந்த பிக்கரும் தளர்ந்த பெல்ட்டும் நாடாவைத் தெறிக்கச் செய்யும். அவையே பாவையும் அறுக்கும். தறியைச் செம்மையாக வைப்பவர் கண்ணையும் காக்கிறார், சரக்கையும் காக்கிறார்.

உழவருக்கும் இப்பாடம் உரியது. கதிரடிக்கும் இயந்திரத்தில் ஒருவர் கை சிக்கினால் களத்து வேலை நின்றுபோகும், மழை காத்திராது.

ஒரு கண்ணுக்கோ கைக்கோ பண மதிப்புக் கூற யாராலும் இயலாது. எனினும், கணக்கின் வழியாகவேனும் ஒரு தடுப்புக் கம்பி தறியில் ஏறுமானால், அந்தக் கணக்கு நல்ல கணக்கே. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது நம் கூடங்களில் பழமொழியாகவே நிற்கட்டும்.