அடையாள அட்டையில் யார் பெயர்?

பிளஸ் டூ தேர்வு எழுதிய கை காய்வதற்குள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் கம்பெனி பஸ் ஏறிவிடுகிறார்கள். ராஜகுளம் என்றால் தைப்பூசத்துக்குக் காஞ்சி வரதர் வந்து தெப்பம் காண்கிற ஊர் என்பார்கள் பெரியவர்கள். என் வயதுக்காரர்களுக்கு அது விடியும் முன்னே பஸ் வந்து நிற்கிற ஒரு ‘பாயிண்ட்’. சுங்குவார்சத்திரம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று நெடுஞ்சாலையை ஒட்டி எங்கு பார்த்தாலும் ஆலைகள். 2014-ல் பள்ளி முடித்த கையோடு நானும் ஏறினேன். கார் உதிரிபாகம் செய்கிற ஆலை. இன்று வேறோர் இடத்தில் டூல் ரூமில் இருக்கிறேன், குடும்பம் நிம்மதியாக ஓடுகிறது. ஆனால் அந்த முதல் வேலையில் பட்ட பாட்டில் பெரும்பகுதி உழைப்பால் வந்ததில்லை. எந்தக் கணக்கில் அங்கே நிற்கிறோம் என்று எனக்கு யாரும் சொல்லித் தராததால் வந்தது. இந்த வருடம் பஸ் ஏறப்போகும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊருக்கு ஓர் ஏஜென்சிக்காரர் வந்தார். மார்க் ஷீட் ஜெராக்ஸ், ஆதார், இரண்டு போட்டோ வாங்கிக்கொண்டார். திங்கட்கிழமை பஸ் வரும் என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. வீட்டிலும் தெருவிலும் ‘பையன் அந்தக் கம்பெனியில் சேர்ந்துட்டான்’ என்று பேச்சு. கழுத்தில் மாட்டிய அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதில் இருந்தது கம்பெனி பெயர் அல்ல, ஒப்பந்ததாரர் பெயர். எங்கள் கயிறு ஒரு நிறம், பர்மனென்ட் ஆட்களின் கயிறு வேறு நிறம். ஒரே லைன், ஒரே வேலை, ஒரே கேன்டீன். சம்பளம், லீவு, அடிபட்டால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அந்தக் கயிற்றின் நிறத்தைப் பொறுத்தது.

அதனால் முதல் நாளே கேட்கவேண்டிய முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதல்ல. ‘நான் யாருடைய ஆள்?’ பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா, அப்ரன்டிஸா, ட்ரெய்னியா? அப்ரன்டிஸ் என்பது 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருவது. அதில் கிடைப்பது உதவித்தொகை. பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம் இருக்காது. அதற்கு ஈடாக ஒப்பந்தம் பதிவாக வேண்டும், தொழில் கற்றுத்தர வேண்டும், முடிவில் தேர்வும் சான்றிதழும் உண்டு. அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. ட்ரெய்னி என்று வெறும் வாயால் சொல்லிவிட்டு, பதிவும் இல்லாமல், கற்றுத்தரவும் இல்லாமல் முழு ஷிப்டும் உற்பத்தியில் நிறுத்துவது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து வருடத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நியமனக் கடிதம் கொடுப்பது கட்டாயமாகியிருக்கிறது. எங்கள் காலத்தில் கேட்கத் தயங்கினோம். நீங்கள் தயங்க வேண்டாம். காகிதத்தில் வாங்குங்கள், போட்டோ எடுத்து அம்மாவின் போனுக்கும் அனுப்பிவையுங்கள்.

என்னைப் போட்டது பிரஸ் ஷாப்பில். தகட்டை டையில் வைத்து, இரண்டு பக்கமும் இருக்கிற இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டைக்குள் கை இருக்க முடியாது. அதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் டார்கெட் மலைபோல் நிற்கும்போது ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கியே வைத்துவிடுவார்கள். ஒரு கையால் தகடு வைக்கலாம், மறு கையால் அழுத்தலாம். மணிக்கு எத்தனையோ பீஸ் கூடும். நான் சேர்ந்த வாரமே செய்யாறு பக்கத்து அண்ணன் ஒருவர் டீ நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “தம்பி, மெஷின்ல உக்காரும்போது மொதல்ல பட்டனைப் பாரு. டேப் இருந்தா கை வைக்காத. லீடர் கத்தினா கத்திட்டுப் போறாரு. வெரலு போனா அவரு குடுக்க மாட்டாரு.” சொன்னவரின் இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.

எங்கள் அப்பா தறிக்காரர். ஓர் இழை அறுந்தால் நிறுத்தி, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேலே ஓட்டுவார். ஆலையில் லைனை நிறுத்துவது பெரிய குற்றம்போல் பார்க்கப்படும். 2010-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் இருபது சொச்சம் வயதுப் பெண் ஒருவர் இயந்திரத்தில் சிக்கி இறந்ததை எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பேசுவார்கள். மெஷினில் ஏதோ சரியில்லை என்று தோன்றினால் கையை எடுத்துவிட்டு மெயின்டனன்ஸைக் கூப்பிடுங்கள். அதற்காக வேலை போனால் போகட்டும். வேறு வேலை வரும்.

அடி பட்டால் என்ன செய்வது என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எங்கள் ஷிப்டில் ஒருவனுக்கு விரல் நசுங்கியபோது ஒப்பந்ததாரரின் ஆள் அவனைத் தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், தையல் போட்டு, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து வீட்டில் விட்டார். நல்ல மனிதர் என்றுதான் நாங்கள் நினைத்தோம். விபத்து எங்கும் பதிவாகவில்லை. இஎஸ்ஐ-யில் வேலை நேரத்து விபத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கே கிடையாது. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பாதுகாப்பு உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் சுமார் 90 சதவீதம் கிடைக்கும். ஊனம் நிரந்தரமானால் மாதாமாதம் தொகை வரும். அத்தனையும் அந்தப் பதிவைப் பொறுத்தது. எனவே விபத்துப் பதிவேட்டில் எழுதாமல் ஆலையை விட்டு வெளியே வராதீர்கள். நீங்கள் எழுத முடியாத நிலையில் இருந்தால் கூட இருப்பவர் எழுத வைக்க வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர் இஎஸ்ஐ-யில் வருவார். நம் பங்கு 0.75 சதவீதம்தான். அட்டை வாங்கி, பெற்றோர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

நைட் ஷிப்ட் பற்றி ஒரு வார்த்தை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். உடம்பு பழகும் என்பார்கள், முழுதாகப் பழகாது. காலையில் வந்ததும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலை மூடி, போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள், பகலில் தூங்குகிற பிள்ளையைக் கடைக்கு அனுப்ப எழுப்பாமல் இருக்க.

சம்பள நாளன்று எங்களுக்கு வந்தது வங்கியின் எஸ்எம்எஸ் மட்டும். சொன்ன தொகைக்கும் வந்த தொகைக்கும் இடையில் பெரிய பள்ளம். யூனிபார்ம், ஷூ, கேன்டீன், ஒருநாள் லேட்டுக்கு அரைநாள். எது எதற்கு எவ்வளவு என்று பே ஸ்லிப் இருந்தால்தான் தெரியும். உத்திரமேரூர் கோயில் கல்வெட்டைப் பள்ளியில் குடவோலைத் தேர்தலுக்காகப் படித்தோம். பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டியது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடவோலையில் எழுதப்படக் கூடாது, அவருடைய உறவினர் பெயரும் கூடாது என்பது அதிலுள்ள விதி. ஆயிரம் வருடத்துக்கு முன்பே கணக்கை இவ்வளவு கறாராகக் கேட்ட மண்ணில் பிறந்துவிட்டு, பே ஸ்லிப் கேட்க நாம் ஏன் கூச வேண்டும்? ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்திலும் இருந்தது, புதிய தொகுப்பிலும் இருக்கிறது. எத்தனை மணிக்கு உள்ளே போனோம், எத்தனை மணிக்கு வெளியே வந்தோம் என்று தினமும் ஒரு சின்ன நோட்டில் குறித்துவையுங்கள். அந்த நோட்டைக் காட்டித்தான் விட்டுப்போன ஓவர்டைம் பணத்தை ஒருமுறை நான் வாங்கினேன். வாய்ச்சண்டை தேவைப்படவில்லை.

பிஎஃப் விஷயம் இன்னும் முக்கியம். 2014 அக்டோபரில்தான் யுஏஎன் என்ற நிரந்தர எண் வந்தது. அதற்கு முன் வேலை மாறினால் புது எண். பழைய பணம் எங்கே என்று தேடி அலைந்தவர்கள் ஏராளம். இப்போது அந்த எண் ஒன்றுதான், எத்தனை ஒப்பந்ததாரர் மாறினாலும். ஆனால் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மார்க் ஷீட்டில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு ஸ்பெல்லிங், பாஸ்புக்கில் மூன்றாவது. பிறந்த தேதியும் ஒத்துப்போகாது. பணம் எடுக்கப் போகும்போது விண்ணப்பம் திரும்பி வந்துகொண்டே இருக்கும். வேலைக்குப் போவதற்கு முன்பே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். சேர்ந்த சில வாரத்தில் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். சம்பளத்தில் பிடித்த பணமும் ஒப்பந்ததாரரின் பங்கும் அதில் ஏறியிருக்க வேண்டும். ஒவ்வொரு வேலையை விடும்போதும் மொத்தத்தையும் எடுத்துச் செலவழிக்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. பென்ஷனுக்குப் பத்து வருடச் சேவை வேண்டும். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்தால் அந்த வருடங்களும் கணக்கிலிருந்து போய்விடும். கல்யாணச் செலவோ மருத்துவச் செலவோ வந்தால் எடுக்கத்தான் வேண்டும். புது போனுக்காக எடுக்காதீர்கள்.

நான் சேர்ந்த அதே 2014-ல், நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2006-ல் தொடங்கி, ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்ட இடம். அங்கே வேலை பார்த்த அக்காக்கள் பலருக்கு ஒரே ஒரு வேலைதான் பழக்கம்: லைனில் ஒரு நிலையத்தில் உட்கார்ந்து ஒரு பாகத்தைப் பொருத்துவது. அடுத்த வேலைக்குப் போனபோது ‘என்ன தெரியும்?’ என்ற கேள்விக்குச் சொல்ல அது போதவில்லை. அவர்கள் உழைப்பில் குறையே கிடையாது. ஆலை அவர்களுக்குக் கொடுத்தது அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகு நான் டீ நேரத்தில் டூல் ரூம் பக்கம் போய் நிற்க ஆரம்பித்தேன். வெர்னியர் பிடிக்க, டிராயிங் படிக்க, டை மாற்ற அங்கிருந்த அண்ணன்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு ஐடிஐ முடித்தேன். பர்மனென்ட் ஆவோம் என்ற நம்பிக்கையை மட்டும் வைத்து வருடங்களைக் கழிக்காதீர்கள். 24 மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவரை நிரந்தரமாக்கச் சொல்லும் சட்டத்தைத் தமிழ்நாடு 1981-லேயே கொண்டுவந்தது. அந்த எண்ணிக்கை நெருங்கும்போது ‘பிரேக்’ கொடுத்து வீட்டுக்கு அனுப்புவதை எங்கள் லைனில் கண்ணாரப் பார்த்தேன். வருகைக் கணக்கைக் கையில் வைத்திருங்கள். கூடவே ஒரு தொழிலையும் கையில் வைத்திருங்கள்.

தனியாளாய்க் கேட்டுக் கிடைக்காதவை உண்டு. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பல பெண்கள் நோயுற்றபோது, ஃபாக்ஸ்கான் ஆலைத் தொழிலாளிப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் அவர்கள் தங்கும் அறை எப்படி இருக்கிறது என்று நாடு கேட்டது. 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது சங்கத்தை அங்கீகரிக்கச் சொல்லித்தான். பதினெட்டு வயதில் போராட்டம் பற்றி முடிவெடுக்கச் சொல்லி நான் யாரையும் தூண்டவில்லை. கூட வேலை செய்கிறவர்களோடு சம்பளம், பிடித்தம், அடிபட்டது எல்லாவற்றையும் மறைக்காமல் பேசுங்கள், அது போதும். வேலையை விடுவதென்றால் சொல்லாமல் நின்றுவிடாமல் எழுதிக்கொடுத்து, அனுபவச் சான்று வாங்கிக்கொண்டு வாருங்கள்.

எங்கள் வட்டாரத்து மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பொதுத்தேர்வுக்கு முன் ஒரே ஒரு பாடவேளை ஒதுக்கி, ஒரு பே ஸ்லிப்பையும் ஓர் இஎஸ்ஐ அட்டையையும் பிஎஃப் பாஸ்புக்கையும் பிள்ளைகள் கையில் கொடுத்து வாசிக்க வையுங்கள். கூப்பிட்டால் நான் வருகிறேன். என்னைப்போல் வரத் தயாராக ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறோம்.