பழைய டேப்லெட் சார்ஜ் ஏறலையா? கடைக்கு ஓடும் முன்…

2020 ஊரடங்கில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக அவசர அவசரமாக வாங்கிய டேப், இன்று பல வீடுகளில் அலமாரி மேல்தட்டில் தூங்குகிறது. கேட்டால் "பேட்டரி போச்சு" என்பார்கள். மைசூரு தேவராஜ் அர்ஸ் ரோட்டுக் கடைகளுக்கு ஆட்டோ பிடிப்பதற்கு முன்னால், காசு செலவில்லாத சோதனைகளை வீட்டிலேயே முடித்துவிடலாமே, தோழிகளே!

1. முதல் சந்தேகம் கேபிள் மேல் இருக்கட்டும். பக்கத்து வீட்டில் நல்ல கேபிள் ஒன்றை இரவல் வாங்கிச் செருகிப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

2. சார்ஜர் முதுகில் பொடி எழுத்தில் 'அவுட்புட்' என்று இருக்கும். பழைய டேப்களில் பலவற்றுக்கு 5 வோல்ட், 2 ஆம்பியர் வேண்டும். பழைய போன் சார்ஜர் 1 ஆம்பியர்தான் தரும், லேப்டாப்பின் சாதாரண யுஎஸ்பி துளை அரை ஆம்பியர்தான். அதில் செருகிவிட்டு வீடியோவும் பார்த்தால், சார்ஜ் குறிதான் தெரியும், சதவீதம் இறங்கிக்கொண்டே போகும்.

3. பின் முழுசாக உள்ளே போகாமல் ஆடுகிறதா? துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள், பை நூலும் தூசியும் அமுங்கிக் கிடக்கும். டேப்பை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊக்கும் ஹேர்பின்னும் வேண்டவே வேண்டாம். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும்.

4. மாதக்கணக்கில் கிடந்த டேப் உடனே உயிர் பெறாது. சரியான சார்ஜரில் ஒரு மணி நேரமாவது தொடாமல் விட்டு, பிறகு பவர் பட்டனை இருபது விநாடி அழுத்திப் பிடியுங்கள்.

5. முப்பது சதவீதம் காட்டிக்கொண்டே பொசுக்கென்று அணைந்தால், அது பேட்டரியின் வயசுதான். லித்தியம் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழு சார்ஜுக்குப் பிறகு தளரத் தொடங்கும். இனி சார்ஜரை மாற்றிப் பயனில்லை.

6. திரை ஓரம் தூக்கிக்கொண்டோ, பின்மூடி பூரி போல உப்பிக்கொண்டோ இருந்தால் அந்த நிமிஷமே சார்ஜைப் பிடுங்குங்கள். அமுக்கிச் சமன் செய்வது, ஊசியால் குத்திக் காற்றை விடுவது எல்லாம் தீயை விலைக்கு வாங்குகிற வேலை. மெத்தை, திரைச்சீலை பக்கம் வைக்காமல் சிமெண்டுத் தரையில் வைத்து, கழற்றுவதைக் கடைக்காரரிடம் விடுங்கள். சிக்கனம் பார்க்கக் கூடாத ஒரே இடம் இது!

7. புது பேட்டரி வாங்க, டேப்பின் பெயர் மட்டும் போதாது. பின்பக்க மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று பேட்டரிகளில் பெரும்பாலும் 357095 மாதிரி ஆறு இலக்கம் இருக்கும்: தடிமன் 3.5 மில்லிமீட்டர், அகலம் 70, நீளம் 95. அதே அளவு பேட்டரியில் பழையதைவிட இரண்டு மடங்கு எம்ஏஎச் (கொள்ளளவு) எழுதியிருந்தால் நம்பாதீர்கள், கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஐ.எஸ். 16046 என்ற பிஐஎஸ் தர முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

8. கூலி பேசும் முன், எந்தப் பக்கம் திறப்பார்கள் என்று கேளுங்கள். பழைய சாம்சங் டேப்கள் பலவற்றில் பின்மூடி கிளிப்பில் கழன்றுவிடும். ஐபேடில் பசையைச் சூடாக்கி முன்கண்ணாடியையே தூக்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்பதை அப்போதே பேசிவிடுங்கள்.

9. மூடி ஒட்டுவதற்கு முன் கடையிலேயே சார்ஜ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். புது பேட்டரியிலும் ஏறவில்லையென்றால் பேட்டரி கனெக்டர் சரியாக உட்காரவில்லையா, சார்ஜிங் துளை தேய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். துளை மட்டும் மாற்றுவது பல மாடல்களில் சின்னச் செலவுதான்.

10. ஏப்ரல் வெயிலில் ஜன்னலோரம், அடுப்பு மேடை – இரண்டிலும் சார்ஜ் போடாதீர்கள். மே மாத இடிமழையில் கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றுங்கள், திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறலாம்.

11. சமையல் வீடியோவுக்கென்று நாள் முழுக்கச் செருகியே வைப்பவர்கள், எண்பது சதவீதத்தில் கழற்றி இருபதில் போட்டால் பேட்டரி கூடுதலாக உழைக்கும். எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜோடு வையுங்கள்.

12. கழற்றிய பேட்டரியைக் காலையில் வரும் குப்பை வண்டியில் போடாதீர்கள். குப்பை போய்ச் சேரும் இடத்தில் அதைக் கையால் பிரிப்பவர்கள் இருக்கிறார்கள், பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மாற்றிக் கொடுத்த கடையிலோ இ-வேஸ்ட் எடுப்பவர்களிடமோ கொடுத்துவிடுங்கள்.