மேசைக்கு வந்த ஆப்லெட்டும் அழியாத் தரவும்

வகுப்பறைக் கரும்பலகையில் எழுதியதை அடுத்த பாடவேளைக்கு வரும் ஆசிரியர் துடைத்துவிடுகிறார். மாணவர் தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டதோ ஆண்டிறுதி வரை நிற்கிறது. கணிப்பொறியிலும் இவ்விரண்டும் உண்டு. நிரல் ஓடும்போது மாறிகள் தங்கும் நினைவகம் கரும்பலகை போன்றது. நிரலை மூடியதும் அது வெறுமையாகிவிடும். வட்டில் எழுதப்படுவதே நோட்டுப் புத்தகம். நிரல் நின்ற பின்னும் இருப்பதனால் அதனை நிலைத்த தரவு என்பர். வலைப்பக்கத்தில் ஓடிய சிறு நிரலொன்றை, அதாவது ஆப்லெட்டை, மேசைக் கணிப்பொறியில் தனித்து இயங்குமாறு செய்யும்போது இந்த நோட்டுப் புத்தகத்தை எங்கே வைப்பது என்பதே இங்கு நாம் காணவிருப்பது.

1995-ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஜாவா மொழியை வெளியிட்டபோது ஆப்லெட் என்னும் சொல் பரவலாயிற்று. எங்கிருந்தோ வரும் நிரல் நம் கணிப்பொறியில் ஓடுகிறது. வழிப்போக்கருக்குத் திண்ணையில் இடம் தரலாம், தண்ணீர் தரலாம், அறைச் சாவியைத் தரலாமா? எனவே அந்நிரல் வட்டைத் தொடாதவாறு உலாவி வேலி கட்டியது. இவ்வேலியை மணற்பெட்டி என்று அழைப்பர். வேலிக்குள்ளேயே சிறிது இடம் தரும் ஏற்பாடுகளும் உண்டு. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கிய குக்கி ஏறத்தாழ 4 கிலோபைட்டு கொள்ளும். ஃபிளாஷ், கேளாமலே 100 கிலோபைட்டு தந்தது. அதற்கான ஆதரவு 2020-ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்தது. இப்போது வழக்கில் உள்ளவை லோக்கல் ஸ்டோரேஜும் இன்டெக்ஸ்டு டிபியும் ஆகும். முன்னது சுமார் 5 மெகாபைட்டு கொள்ளும். பின்னது இன்னும் பெரியது. ஆனால் கற்பதற்குச் சற்றுக் கடினம்.

லோக்கல் ஸ்டோரேஜில் ஒரு பெயரும் அப்பெயருக்குரிய மதிப்பும் இருக்கும். இரண்டும் எழுத்துச் சரங்களே. எண்ணை இட்டாலும் எழுத்தாகவே திரும்பி வரும். 12, 8 என்னும் இரு மதிப்பெண்களை இட்டு, எடுத்து, கூட்டல் குறியிட்டால் 20 வாராது, 128 வரும்! உள்மதிப்பீட்டின் உச்ச மதிப்பெண் 25 ஆயிற்றே என்று மாணவர் திகைப்பர். எடுத்தவுடன் எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது முதற் பாடம்.

இரண்டாவது பாடம் இதனினும் முக்கியமானது. உலாவி இந்தப் பெட்டியை நிரலுக்கென்று ஒதுக்குவதில்லை, முகவரிக்கென்று ஒதுக்குகிறது. நெறிமுறை, கணிப்பொறியின் பெயர், துறை எண் ஆகிய மூன்றும் சேர்ந்ததே முகவரி. மூன்றில் ஒன்று மாறினாலும் வேறு பெட்டி. விடுதி மாணவர் அறை மாறும்போது டிரங்குப் பெட்டி பழைய அறையிலேயே தங்கிவிடுவது போன்றது இது. ஆளும் அவரே, விடுதியும் அதுவே. ஆயினும் புதிய அறையில் மாற்றுச் சட்டைகூட இராது.

இதனை நான் நூலில் கற்கவில்லை, பட்டுத்தான் கற்றேன். ஒரு வகுப்பின் 62 மாணவர்தம் உள்மதிப்பீட்டு மதிப்பெண்களைப் பதிய ஒரு சிறு பக்கம் எழுதி, மேசைப் பதிப்பாகவும் ஆக்கினேன். அதனைச் சொடுக்கினால் கணிப்பொறிக்குள்ளேயே ஒரு சிறு சேவையகம் எழும். உலாவி அதன் முகவரியைத் திறக்கும். துறை எண்ணை நான் குறிப்பிடாமல், காலியாக உள்ளது எதுவோ அதனைக் கொடு என்று இயங்குதளத்திடமே விட்டிருந்தேன். மாலை முழுவதும் அமர்ந்து மதிப்பெண்களைப் பதிந்தேன். மறுநாள் காலை திறந்தால் பட்டியலில் ஒரு பெயர்கூட இல்லை. பட்டியலை ஒப்படைக்க வேண்டிய நாளும் அதுவே! விடைத்தாள்களையோ மாணவரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று. முதல் நாள் துறை எண் 52114; மறுநாள் 49733. தரவு அழியவில்லை, பழைய அறையில் பூட்டிக் கிடந்தது. நல்வாய்ப்பாக உலாவியின் வரலாற்றுப் பட்டியலில் பழைய எண் இருந்தது. அவ்வெண்ணிலேயே சேவையகத்தை எழுப்பியதும் 62 பெயர்களும் வந்து நின்றன. யாரேனும் இடையில் அந்த உலாவியின் தரவைத் துடைத்திருந்தால் அதுவும் இயலாது.

துறை எண்ணை நிலையாக வைத்தால் போதாதா எனக் கேட்கலாம். ஓரளவு போதும். ஆனால் உலாவியின் பெட்டி உலாவியின் உடைமை. இடம் நெருக்கடியானால் அது தானே காலி செய்யக்கூடும். 2020 முதல் சஃபாரி, பயனர் 7 நாள் உலாவியைப் பயன்படுத்தியும் ஒரு தளத்தைத் தொடாதிருந்தால், அத்தளத்தின் நிரல் எழுதிவைத்ததை நீக்கிவிடுகிறது. ஆதலின் மேசைப் பதிப்பு தன் தரவைத் தானே கோப்பாக எழுதுவதே தக்கது. 2013-இல் கிட்ஹப் நிறுவனத்தில் தோன்றி, 2015-இல் எலெக்ட்ரான் எனப் பெயர் பெற்ற கட்டமைப்பு இதற்கு வழி தருகிறது. அதில் பக்கத்தைக் காட்டும் பகுதி வேறு, வட்டைத் தொடும் முதன்மைப் பகுதி வேறு. பக்கம், “இதனைச் சேமி” என்று செய்தி அனுப்பும். முதன்மைப் பகுதி எழுதும். பக்கத்திற்கே நேராக உரிமை கொடுத்தால் வேலை எளிதுதான். ஆனால் திண்ணைக்கும் அறைக்கும் இடையிலிருந்த கதவைக் கழற்றியது போலாகும்.

கோப்பை எங்கே வைப்பது? நிரல் நிறுவப்பட்ட கோப்புறையில் அன்று. அங்கே எழுதச் சாதாரணப் பயனருக்குப் பெரும்பாலும் உரிமை இராது; புதிய பதிப்பு வரும்போது அக்கோப்புறையே மாற்றப்படலாம். பயனரின் சொந்தப் பகுதியில் இதற்கென இடம் உண்டு: விண்டோஸில் ஆப்டேட்டா, லினக்ஸில் பெரும்பாலும் கான்ஃபிக், மேக்கில் லைப்ரரிக்குள் உள்ள அப்ளிகேஷன் சப்போர்ட்.

எழுதும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. பழைய கோப்பைத் திறந்து அதன் மேலேயே எழுதினால் முதலில் பழையது காலியாகும். பின்னரே புதியது ஏறும். அந்நொடியில் மின்சாரம் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஆகையால் அதே கோப்புறையில் வேறு பெயரில் முழுவதும் எழுதி, வட்டில் ஏறியதை உறுதி செய்துகொண்டு, பிறகு பெயரை மாற்ற வேண்டும். கோப்பின் தலையில் அமைப்பின் பதிப்பு எண்ணையும் குறித்தல் நலம். அடுத்த ஆண்டு ஒரு பத்தி கூடினால் பழைய கோப்பைப் படிக்க அது உதவும்.

ஆய்வகத்தில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. பைத்தானுடன் வரும் சிறு சேவையகத்தைக் கொண்டு ஒரே பக்கத்தை 8000, 8001 என்னும் இரு துறைகளில் எழுப்புக. முதலாவதில் உங்கள் பெயரை லோக்கல் ஸ்டோரேஜில் சேமித்து, இரண்டாவதில் தேடுக, கிடைக்காது. இதையே குக்கியில் செய்க. கிடைக்கும், ஏனெனில் குக்கி துறை எண்ணைப் பார்ப்பதில்லை. இரண்டையும் உலாவியின் ஆய்வுக் கருவியில் அடுத்தடுத்துத் திறந்து ஒப்பிடுக.