காய்ச்சல் விட்டாலும் கவனத்தை விடாதீங்க



டெங்கு வந்தால் காய்ச்சலும் உடம்புவலியும் இருக்கும், தட்டணு குறையும் என்பது நமக்குத் தெரியும். அரிதாகச் சிலருக்கு அது மூளையையும் நரம்பையும் பாதிக்கும். வைரஸ் மூளைக்குள் போகலாம், ரத்தத்தில் சோடியம் உப்பு குறையலாம், மூளையில் ரத்தம் கசியலாம். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் நினைவு தடுமாறுவதையும் கடுமையான டெங்குவில் சேர்த்தது.

"காய்ச்சல்தான் விட்டுடுச்சே, பிள்ளை அசந்து தூங்குது"ன்னு இருந்துடக் கூடாது. காய்ச்சல் இறங்குகிற 3 முதல் 7-ம் நாள் வரைதான் ஆபத்து அதிகம்.

கவனிக்க வேண்டியவை:

* எழுப்பினாலும் சரியாக விழிக்காதது
* ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது
* வலிப்பு
* கடும் தலைவலி, தொடர் வாந்தி
* காய்ச்சல் போன சில நாளில் கால் மரத்து, பலம் குறைந்து, அது மேலே ஏறுவது

இதில் ஒன்று இருந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வீட்டுக்காரர் வரட்டும், பணம் புரளட்டும்னு காத்திருக்காதீங்க. 108 வண்டிக்குக் காசு கிடையாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைங்க. கையில் சாவி கொடுப்பதோ வாயில் தண்ணீர் ஊற்றுவதோ வேண்டாம். ஆஸ்பிரின், இபுபுரூஃபன் மாத்திரை கொடுத்தால் ரத்தக்கசிவு கூடும்.

குழுவில் பேசுங்கள்: ராத்திரியில் ஒரு வீட்டில் இப்படி ஆனால், கூடப் போவது யார்?