ஊமையாகிப் போனதா ஒலிவாங்கி? லினக்ஸ் நம்பிக்கைகளும் உண்மைகளும்

2020இல் பெருந்தொற்று இலங்கைப் பல்கலைக்கழகங்களை மூடவைத்தபோது, லேர்ன் எனப்படும் கல்வி, ஆய்வு வலையமைப்பின் துணையுடன் விரிவுரைகள் சூமுக்கு மாறின. மடிக்கணினியின் விளிம்பில் இருக்கும் ஊசித்துளை அளவு ஒலிவாங்கி அன்று முதல் வகுப்பறையின் வாசலாயிற்று. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்த கோணேசபுரியானாலும் சரி, துறைமுகத்தை அண்டிய வீடுகளானாலும் சரி, லினக்ஸ் கணினியில் அந்த ஒலிவாங்கி வேலை செய்யாவிட்டால் கிடைக்கும் ஆலோசனைகள் ஏறக்குறைய ஒன்றே: விண்டோஸுக்குத் திரும்பு, அல்லது புது ஒலிவாங்கி வாங்கு. இரண்டுக்கும் முன்னர் சில நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்ப்பது நல்லது.

நம்பிக்கை: கடற்காற்று ஒலிவாங்கியை அரித்துவிட்டது.

உண்மை: உப்புக்காற்று உலோகத்தை அரிப்பது மெய்தான். ஆனால் பழியைக் கடல்மேல் போடுவதற்கு முன் ஒரு சோதனை இருக்கிறது. அதே கணினியில் விண்டோஸும் இருந்தால், அங்கே ஒலிவாங்கி வேலை செய்கிறதா என்று பார்க்கலாம். கடைசிப் புதுப்பித்தலுக்குப் பிறகே குரல் நின்றதென்றால், கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் லினக்ஸின் மையக்கருவான கெர்னலின் பழைய பதிப்பைத் தெரிவுசெய்து பார்க்கலாம். குரல் வந்துவிட்டால் பழுது மென்பொருளில்தான். துளைக்குள் ஊசி விடுவதோ அழுத்தக் காற்றை ஊதுவதோ கூடாது. உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்துவிடும்.

நம்பிக்கை: உள்ளமைந்த ஒலிவாங்கியை லினக்ஸ் ஏற்காது.

உண்மை: மாறியது வன்பொருளின் அமைப்பு. முன்பு ஒலிவாங்கி, ஒலிச்சில்லுடன் இணைந்திருந்தது. பின்னர் வந்த பல இன்டெல் கணினிகளில் டிஜிட்டல் ஒலிவாங்கி நேரடியாக முதன்மைச் சில்லுத்தொகுதியுடன் இணைக்கப்பட்டது. பழைய இயக்கியின் கண்ணுக்கு அது தென்படவில்லை. 2019இல் வெளியான லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் ஏழாம் தலைமுறையில் இதுதான் நடந்தது. 2018இல் லினக்ஸ் அறக்கட்டளையின்கீழ் தொடங்கிய சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற திட்டம் இதற்கு வழி திறந்தது. புதிய கெர்னல் மட்டும் போதாது, அந்த ஃபர்ம்வேர் கோப்புகளும் கணினியில் இருக்க வேண்டும்.

ஏஎம்டி ரைசன் 6000 வரிசைக் கணினிகளில் சிக்கல் வேறு. ஒலிவாங்கியுள்ள மாதிரிகளின் பெயர்ப்பட்டியல் ஒன்று கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லாத பல கணினிகளில் ஒலிவாங்கியே தோன்றவில்லை; சில வரிகளைச் சேர்த்ததும் அவை பேசத் தொடங்கின.

நம்பிக்கை: ஒலியளவுக் கோடு அசைந்தால் எல்லாம் சரி.

உண்மை: சில மடிக்கணினிகளின் ஒலிவாங்கி இடது, வலது என இரு தடங்களை அனுப்பும்; அவற்றில் ஒன்று தலைகீழான அலையாக இருக்கும். அழைப்புச் செயலி இரண்டையும் ஒன்றாகக் கலக்கும்போது ஒன்றை ஒன்று அழித்துவிடும். கோடு துள்ளும், எதிர்முனையில் அநேகமாக நிசப்தம். பாவுகன்ட்ரோல் செயலியில் பூட்டுக்குறியைத் திறந்து ஒரு தடத்தைப் பூச்சியமாக்கினால் குரல் கேட்கும்.

நம்பிக்கை: ஒலியளவைக் கூட்டினால் போதும்.

உண்மை: குரல் பல படிகளைக் கடக்கிறது. அடியில் ஒலி வன்பொருளுடன் பேசும் ஆல்சா, அதன்மேல் செயலிகளுக்கு ஒலியைப் பகிரும் பைப்வயர் (உபுண்டு 22.10 முதல் இதுவே இயல்பு, அதற்கு முன் பல்ஸ்ஆடியோ), கடைசியில் உலாவியின் அனுமதி. கீழிருந்து மேலாகச் சோதிப்பதே முறை. முனையத்தில் ஆல்சாமிக்சரைத் திறந்து, எஃப்6 அழுத்தி ஒலியட்டையையும் எஃப்4 அழுத்திப் பதிவுப் பகுதியையும் பார்க்க வேண்டும். பிறகு ஏரெக்கார்ட் கட்டளையால் ஐந்து விநாடி பதிவுசெய்து கேட்க வேண்டும். குரல் பதிவாகியிருந்தால் தவறு பெரும்பாலும் மேற்படிகளில், அதாவது பைப்வயரிலோ உலாவியிலோ அழைப்புச் செயலியிலோ இருக்கிறது. திங்க்பேட்களில் ஒலிவாங்கியை அணைக்கும் விசையின் விளக்கையும் கவனிக்க வேண்டும்.

நம்பிக்கை: லினக்ஸை மறுபடி நிறுவினால் சரியாகிவிடும்.

உண்மை: அதே பதிப்பை நிறுவினால் அதே கெர்னல்தான் வரும். பயோஸில் ஒலிவாங்கி அணைக்கப்பட்டிருந்தால் எத்தனை முறை நிறுவினாலும் அணைந்தே இருக்கும்.

இத்தனைக்கும் பிறகும் குரல் வராவிட்டால், கணினி மாதிரியின் முழுப்பெயர், கெர்னல் பதிப்பு, ஏரெக்கார்ட் காட்டும் கருவிப் பட்டியல் மூன்றையும் இணைத்து, பயன்படுத்தும் லினக்ஸ் வழங்கலின் வழுப்பதிவகத்தில் முறைப்பாடு செய்யுங்கள். திருகோணமலையிலிருந்து போகும் அந்த ஒரு முறைப்பாடு, அதே மாதிரியை உலகில் எங்கு வைத்திருப்பவருக்கும் உதவக்கூடும். புது ஒலிவாங்கிக்குக் காசு கொடுப்பதை அதன் பிறகு யோசிக்கலாம்.